அந்தக் குத்து பட்டதா, இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

(குத்துச்சண்டை, மல்யுத்த ஒளிபரப்புகளில் வரும் ஸ்லோ மோஷன் ரீப்ளே பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். நேரடி ஒளிபரப்பு வேனில் பல வருடங்கள் ரீப்ளே மேசையில் வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.)

சார், ரவுண்டு முடிந்ததும் ஸ்லோ மோஷனில் குத்து தெளிவாக முகத்தில் பதிவதைக் காட்டுகிறீர்கள். ஆனால் ஜட்ஜுகள் அந்த ரவுண்டை எதிராளிக்குக் கொடுக்கிறார்கள். அவர்களும் ரீப்ளே பார்த்து மதிப்பெண் போட்டால் என்ன? – ஒரு குத்துச்சண்டை ரசிகர்

வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆண்களுக்கு ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். அதில் இரண்டு பேரும் சேர்ந்து நூறு குத்துக்கு மேல் வீசுவது சாதாரணம். இடைவேளை ஒரு நிமிடம். அதற்குள் கார்னரில் கோச் பேசுவதைக் காட்ட வேண்டும், விளம்பரம் போக வேண்டும், ரீப்ளேவுக்கு மிஞ்சுவது பதினைந்து இருபது செகண்ட். அதில் இரண்டு குத்து, மிஞ்சினால் மூன்று காட்டலாம். அந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது யார்? ரீப்ளே மேசையில் இருக்கும் என் போன்ற ஆள். நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? கேமராவில் அழகாக விழுந்ததை. வியர்வை தெறித்ததை, கன்னம் குழிந்ததை. நடுவரின் முதுகு மறைத்த நல்ல குத்து என் கணக்கில் வராது. விலாவில் விழும் குத்து பெரும்பாலும் படத்தில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் ஆறாவது ரவுண்டில் ஒருவர் கையைத் தூக்க முடியாமல் நிற்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஜட்ஜ் அந்த மூன்று நிமிடத்தையும் தொடர்ச்சியாக, சத்தத்தோடு, ரிங்கின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். தப்பு செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் என் ரீப்ளேவைப் பார்த்து அவர் மதிப்பெண் போட்டால், அது என் விரல் போட்ட மதிப்பெண். அந்த அதிகாரம் ரீப்ளே மேசைக்கு இருக்கக் கூடாது.

ஒரு குத்தைச் சரியாகப் பிடிக்க செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் வேண்டும்? – பொறியியல் மாணவர்

நல்ல கேள்வி தம்பி. இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

1985-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவை ஒரு கருவி பொருத்திய இலக்கைக் குத்த வைத்து அளந்தார்கள். குத்து புறப்பட்டு 0.1 செகண்டுக்குள் சுமார் அரை மீட்டர் போய் இலக்கைத் தொட்டது. தொடும்போது வேகம் செகண்டுக்கு 8.9 மீட்டர். தொட்டதிலிருந்து 14 மில்லி செகண்டுக்குள் விசை உச்சத்துக்குப் போனது. அந்த உச்சம் 4096 நியூட்டன்.

அந்த 14-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒளிபரப்பில் செகண்டுக்கு 50 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 20 மில்லி செகண்ட். அதாவது கையுறை தாடையைத் தொட்டு, விசை உச்சத்துக்கு ஏறுவது முழுவதும் இரண்டு படங்களுக்கு நடுவிலேயே முடிந்துவிடலாம். முதல் படத்தில் கை முகத்துக்கு முன்னால் இருக்கும், அடுத்த படத்தில் தலை திரும்பியிருக்கும். நடுவில் கையுறை 18 சென்டிமீட்டர் போயிருக்கும். அதை நான் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியாது. இல்லாத படத்தை ஓட்ட முடியாதே.

மூன்று மடங்கு கேமரா, அதாவது செகண்டுக்கு 150 ஃப்ரேம் என்றால் அந்த 14 மில்லி செகண்டில் இரண்டு படம் கிடைக்கும். ஆயிரம் ஃப்ரேம் கேமராவில் பதினான்கு. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் கையுறை நகர்வது 9 மில்லிமீட்டர்தான். இப்போதுதான் உதடு பல்லின் மேல் அழுந்துவது, தாடை பக்கவாட்டில் போவது, அதற்குப் பிறகு தலை சுழல்வது என்று வரிசையாகத் தெரியும். தலை நேராகப் பின்னால் போவதைவிட இப்படிச் சுழல்வதுதான் மூளைக்கு ஆபத்து. நல்ல நாக் அவுட் ரீப்ளேவில் நான் முதலில் பார்ப்பது கையை அல்ல, கழுத்தை. குத்து வருவதைப் பார்த்தவரின் கழுத்து இறுகியிருக்கும். பார்க்காதவரின் கழுத்து தளர்ந்திருக்கும், தலை பம்பரம் போலச் சுழலும்.

அப்படியானால் எல்லாக் கேமராவும் ஆயிரமாக இருக்கட்டுமே என்று கேட்பீர்கள். வெளிச்சம் விடாது. ஆயிரத்தில் ஒரு பங்கு செகண்ட் மட்டும் திறக்கும் கேமராவுக்கு, ஐம்பதில் ஒரு பங்கு திறக்கும் கேமராவுக்குக் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். ஆயிரம் ஃப்ரேமில் எடுத்த ஒரு செகண்டை முழுதாக ஓட்டிக்காட்ட 20 செகண்ட் வேண்டும், நேரம் எங்கே இருக்கிறது? ஆகவே ரிங்கைச் சுற்றி ஒன்றோ இரண்டோ அதிவேகக் கேமராக்கள்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ரேம் எண்ணிக்கையைவிட எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது கேமரா நிற்கும் இடம். குத்து போகும் அதே கோட்டில் கேமரா இருந்தால், முகத்துக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்ட கையுறைகூடத் தொட்டது போலத்தான் தெரியும். படத்துக்கு ஆழம் கிடையாது. தூரத்திலிருந்து ஜூம் செய்த படத்தில் இது இன்னும் மோசம். பக்கவாட்டில் நிற்கும் சாதாரணக் கேமராவின் படம், நேர்க்கோட்டில் நிற்கும் ஆயிரம் ஃப்ரேம் கேமராவின் படத்தைவிட நம்பகமானது.

ரீப்ளே 1963-ல் அமெரிக்கக் கால்பந்தில் தொடங்கியது என்று படித்தேன். குத்துச்சண்டைக்கு எப்போது வந்தது? – பள்ளி ஆசிரியை

நீங்கள் படித்தது 1963 டிசம்பர் 7, ஆர்மி – நேவி ஆட்டம். சிபிஎஸ் தொலைக்காட்சியின் டோனி வெர்னா செய்தது. ஆனால் அது சாதாரண வேகத்தில், நடந்த உடனே காட்டிய ரீப்ளே. மெதுவாக ஓட்டிக் காட்டுவது அதற்கு முன்பே இருந்தது. ஏபிசி நிறுவனத்தில் ராபர்ட் டிராக்கிங்கர் என்ற பொறியாளர் 1961-லேயே வீடியோ டேப்பிலிருந்து ஸ்லோ மோஷன் எடுக்க வழி கண்டுபிடித்துவிட்டார்.

அது குத்துச்சண்டையில் வந்த கதையைச் சொல்வது எனக்கு எளிதல்ல.

1962 மார்ச் 24, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்காக பென்னி பேரெட்டும் எமில் கிரிஃபித்தும் மோதினார்கள். பன்னிரண்டாவது ரவுண்டில் பேரெட் கார்னரில் மாட்டிக்கொண்டார். கயிற்றில் சாய்ந்தபடி, கையைத் தூக்க முடியாத நிலையில் குத்துக்கு மேல் குத்து வாங்கினார். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏபிசியில் நேரடி ஒளிபரப்பு. அதே இரவு, அதே ஒளிபரப்பில், அந்தக் கடைசிக் கணங்களை ஸ்லோ மோஷனில் போட்டுக் காட்டினார்கள். பேரெட்டுக்கு நினைவு திரும்பவே இல்லை. ஏப்ரல் 3 அன்று இறந்துபோனார்.

அந்த வேனில் இருந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது புதுக் கருவி, அந்த மனிதர் இறந்துகொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தொழிலுக்கு வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நான் கடைப்பிடித்த ஒரே விதி இங்கிருந்துதான் வந்தது. விழுந்தவர் எழுந்து உட்காரும் வரை, அல்லது டாக்டர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைக்கும் வரை, நாக் அவுட் ரீப்ளே கிடையாது. க்ளிப் தயாராக இருக்கும். கை லீவரின் மேல் இருக்கும். டைரக்டர் காதில் கேட்டுக்கொண்டே இருப்பார். "இன்னும் எழவில்லை" என்று மட்டும் பதில் சொல்வேன். பெரும்பாலான டைரக்டர்கள் அதற்கு மேல் பேசமாட்டார்கள். அதுவரை கூட்டத்தையோ, ஜெயித்தவரின் கார்னரையோ காட்டலாம்.

கருவிகளின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 1967-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் உலோகத் தட்டு இயந்திரம் வந்தது, அதில் 30 செகண்ட்தான் பதியும். 1990-களில் பெல்ஜியத்தின் ஈவிஎஸ் நிறுவனம் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் பதிந்து, பதிந்துகொண்டிருக்கும்போதே பின்னால் போய் ஓட்டும் வசதியைக் கொண்டுவந்தது. இன்றும் பல வேன்களில் ரீப்ளே ஆளை "ஈவிஎஸ் ஆபரேட்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முகமது அலி – சன்னி லிஸ்டன் இரண்டாவது சண்டையில் குத்து படவே இல்லை என்கிறார்களே? – அலி ரசிகர்

1965 மே 25, மெய்ன் மாநிலம் லூயிஸ்டன், முதல் ரவுண்டு. மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: லிஸ்டன் இடது கையை நீட்டுகிறார், அலியின் வலது கை அதன் மேலாக வந்து தலையில் படுகிறது. பட்டது. லிஸ்டனின் தலை அசைகிறது.

அந்தக் குத்து ஒரு மனிதனை விழவைக்கப் போதுமா என்பது வேறு கேள்வி. அதற்கு எந்த ரீப்ளேயும் பதில் சொல்லாது. எங்கே பட்டது, எது முதலில் பட்டது என்பதைப் படம் காட்டும். எவ்வளவு பலமாகப் பட்டது என்பதைக் காட்டாது. இன்னும் சொல்லப்போனால், மெதுவாக ஓட்டும்போது எல்லாக் குத்துமே தள்ளுவது போலத் தெரியும். அலி சும்மா தட்டியது போல உங்களுக்குத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மல்யுத்தத்தில் கோச் திடீரென்று விரிப்பின் மேல் எதையோ தூக்கி எறிகிறாரே, அது என்ன? – கல்லூரி மாணவி

அது ஸ்பாஞ்ச் போன்ற மெத்தென்ற ஒரு சின்னக் கட்டை. அதை எறிந்தால், "நடுவரின் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை, வீடியோ பாருங்கள்" என்று அர்த்தம். சேலஞ்ச் என்பார்கள். அப்பீல் தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும். அதனால் வாய்க்கு வந்தபடி எறிய முடியாது.

இந்த விதி எங்கே நெஞ்சைப் பிடித்து உலுக்கியது தெரியுமா? ரியோ ஒலிம்பிக், 2016 ஆகஸ்ட் 17, 58 கிலோ வெண்கலப் பதக்கப் போட்டி. சாக்‌ஷி மாலிக் கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவாவிடம் 0–5 என்று பின்தங்கியிருந்தார். இரண்டாம் பாதியில் ஏறி வந்து சமன் செய்து, கடைசிச் செகண்டுகளில் இன்னொரு பிடி போட்டு முன்னால் வந்தார். கிர்கிஸ்தான் தரப்பு சேலஞ்ச் கேட்டது. பதக்கம் கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெண் நின்ற நேரம் இருக்கிறதே! வீடியோ பார்த்தார்கள், அப்பீல் தள்ளுபடி, கூடுதல் புள்ளியும் சாக்‌ஷிக்கு. 8–5. இந்தியப் பெண் மல்யுத்தத்தில் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இப்படி வீடியோவை நடுவரின் கையில் கொடுத்ததில் பல விளையாட்டுகள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. சுமோவில் 1969 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். மாவீரர் தைஹோ தொடர்ந்து 45 வெற்றி. அடுத்து தோடா என்ற வீரருடன் மோதியபோது ரிங் நடுவர் தைஹோவுக்குத்தான் வெற்றி என்றார். சுற்றி அமர்ந்திருந்த ஜட்ஜுகள் அதை மாற்றி தோடாவுக்குக் கொடுத்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தால், தோடாவின் கால்தான் முதலில் வெளியே போயிருக்கிறது. ஆனால் 45 வெற்றியோடு அந்தத் தொடர் நின்றது நின்றதுதான். அடுத்த மே மாதப் போட்டித்தொடரிலிருந்தே சுமோ ஜட்ஜுகளுக்கு வீடியோ உதவி வந்துவிட்டது.

2008 பெய்ஜிங்கில் டேக்வாண்டோ. பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் கடைசி நேரத்தில் விட்ட உதை, இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனான சென் சோங்கின் தலையில் பட்டது. புள்ளி கொடுக்கவில்லை. சென் ஜெயித்ததாக அறிவித்த பிறகு, பிரிட்டன் முறையிட்டு, வீடியோ பார்த்து, முடிவையே மாற்றினார்கள். சாரா வெண்கலம் வாங்கினார்.

இந்த மூன்றிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒரே மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். தொட்டதா? எது முதலில்? யாருடைய பிடி முதலில் முடிந்தது? இப்படிப்பட்ட கேள்விக்கு ஸ்லோ மோஷனைவிட நல்ல சாட்சி இல்லை.

விதிமீறிய அடியை வேண்டுமென்றே அடித்தாரா என்பதை ரீப்ளேவில் கண்டுபிடிக்க முடியுமா? – வழக்கறிஞர்

உங்கள் தொழிலுக்கும் இந்தப் பதில் உதவலாம். 2016-ல் அமெரிக்காவில் காருசோ, பர்ன்ஸ், கான்வர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு கொள்ளையில் நடந்த துப்பாக்கிச் சூட்டு வீடியோவைச் சிலருக்குச் சாதாரண வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஒருவர் மற்றவரைத் தலையால் மோதும் காட்சியையும் இப்படிக் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள் "தெரிந்தே செய்தார்" என்று அதிகம் சொன்னார்கள். செய்தவருக்கு யோசிக்க நேரம் இருந்தது என்ற உணர்வு பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது. இரண்டு வேகத்திலும் காட்டினால் அந்தச் சாய்வு குறைகிறது, ஆனால் முழுதாகப் போவதில்லை.

சண்டையில் இதை வைத்துப் பாருங்கள். ஒருவர் இடது, வலது என்று இரண்டு குத்துத் தொடர் விடுகிறார். இடது பட்டதும் எதிராளி முழங்காலிடுகிறார். வலது ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது. குத்து போய்ச் சேர 0.1 செகண்ட். கண்ணால் பார்த்து மூளை உத்தரவு போட்டுக் கையை நிறுத்த 0.2 செகண்டாவது வேண்டும். அவரால் நிறுத்தவே முடியாது. ஆனால் என் ரீப்ளேவில் அந்த 0.1 செகண்ட் இரண்டு செகண்டாக நீளும். மண்டியிட்டவரைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் குத்துகிறார் என்று வீட்டில் இருப்பவர் கொதிப்பார். அதனால் விதிமீறல் பற்றிய ரீப்ளே என்றால், முதலில் ஒரு முறை முழு வேகத்தில் காட்டாமல் மெதுவாக ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீடியோ பார்ப்பதற்கான விதியும் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். 2017 ஏப்ரல் 8, நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் யுஎஃப்சி 210 என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி. கெகார்ட் மௌசாசி முழங்காலால் கிறிஸ் வைட்மேனின் தலையில் இடித்தார். வைட்மேனின் கைகள் தரையில் இருந்தனவா என்பதுதான் கேள்வி, இருந்திருந்தால் அது விதிமீறல். நடுவர் விதிமீறல் என்று நினைத்துச் சண்டையை நிறுத்தினார். பிறகு ரீப்ளே பார்த்து, கைகள் தரையில் இல்லை, அடி செல்லும் என்று மாற்றினார்கள். ஓய்வு நேரம் கிடைக்கும் என்று நினைத்திருந்த வைட்மேன், இனித் தொடர முடியாது என்று டாக்டர்கள் சொன்னதால் அங்கேயே தோற்றார். படம் சொன்னது சரிதான். ஆனால் அந்த மாநிலத்தில் அப்போது அப்படி ரீப்ளே பார்க்க விதியே இல்லை. சண்டைக்கு நடுவில் புது விதி செய்தால், சரியான தீர்ப்பும் அநியாயமாகத்தான் தெரியும்.

சாதாரண வீடியோவை செயற்கை நுண்ணறிவு ஸ்லோ மோஷனாக மாற்றுகிறதே, அதை நம்பலாமா? – வாசகர்

பார்க்க அழகாக இருக்கும். சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் கை எங்கே இருந்திருக்கும் என்று கணித்து, நடுப் படங்களைக் கம்ப்யூட்டர் வரைகிறது. குத்து பட்டதா என்பது அந்த நடுப் படத்தில்தான் இருக்கிறது, அது கேமரா பார்க்காத படம். தீர்ப்புக்காக ஓட்டும் ரீப்ளேவில் இதைச் சேர்க்கவே கூடாது என்று விதி எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

என் மகள் குத்துச்சண்டை கற்கிறாள். பயிற்சியை போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டச் சொல்கிறாள். எப்படி எடுப்பது? – ஒரு தாய்

நல்ல யோசனை அம்மா. இப்போது பல போன்களில் செகண்டுக்கு 240 ஃப்ரேம் வசதி இருக்கிறது. பயிற்சிக்கு அது தாராளம்.

முடிந்தால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மின்விளக்குகள் பல நம் கண்ணுக்குத் தெரியாமல் செகண்டுக்கு நூறு முறை மினுக்குகின்றன. ஸ்லோ மோஷனில் படம் விட்டுவிட்டு இருண்டு வெளுக்கும். போனைக் கையில் பிடிக்காமல், மகளின் மார்பு உயரத்தில், குத்து போகும் திசைக்குப் பக்கவாட்டில் எங்காவது நிறுத்தி வையுங்கள். கால் பாதம் வரை படத்தில் வர வேண்டும்.

முதலில் முழு வேகத்தில் பாருங்கள். தாளம் அதில்தான் தெரியும். பிறகு மெதுவாக. அப்போது குத்தும் கையைப் பார்க்க வேண்டாம், எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். மற்றக் கை தாடையை விட்டு இறங்குகிறதா என்று பாருங்கள். குத்திய கை போன வழியிலேயே திரும்புகிறதா, கீழே தொங்கித் திரும்புகிறதா? பின்னங்கால் குதிகால் கையோடு சேர்ந்து திரும்புகிறதா? ஒரு நாளைக்கு ஒரு தப்பைத் திருத்தினால் போதும். இருபதையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளை குத்தவே தயங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், தலையில் அடி வாங்கிய பிறகு அவளுக்குத் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது என்று எது வந்தாலும், உடனே பயிற்சியை நிறுத்தி அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வீடியோவில் அந்த அடி சின்னதாகத் தெரிகிறது என்று கோச்சே சொன்னாலும் கேட்காதீர்கள்.